நீ விட்ட கரடியும் நனைந்த குடையும்

என் பிரியமுள்ள மாப்ளே,

"துரோகி யாருன்னு நெனைக்கிறீங்க, மச்சான்?" என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீ என்னைக் கேட்டாய். ஞாபகம் இருக்கிறதா? உன் மடியில் அந்த அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம், விரல் ஒரு பக்கத்துக்குள் இருந்தது. காசிம் பாய் கச்சான் கடலை உரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் வகுப்பில் பதில் சொல்லும் பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்து, "யாரா வேணும்னாலும் இருக்கட்டும், அந்த மில்லர் கிராணி மட்டும் இல்ல. அவன் நம்ம வீட்டு ஆளு மாதிரி" என்றேன்.

நீ புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாய். பிறகு ஞானம்மாவிடம் தண்ணீர் கேட்டாய். குடித்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்று புத்தகத்தை மூடினாய்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பதில் எனக்கு இந்த மழைக்காலத்தில்தான் கிடைத்தது. கேள்வி கேட்டவனிடம் பதிலைச் சொல்வதுதானே முறை? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதை நாலு பேர் படிக்கும்படி எழுதலாமா என்று ஞானம்மாவிடம் கேட்டுவிட்டேன். வெகுநேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிறகு, "எழுதுங்கண்ணே, பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். அவள் பெயர் ஞானம்மா இல்லை. காசிம் பாய்க்கும் வேறு பெயர். உனக்கு ஒரு பொய்ப் பெயர் வைக்க மனம் வரவில்லை, அதனால் வெறும் மாப்ளே. நீயாக இருந்தால் பெயரோடு நிறுத்தியிருக்க மாட்டாய், முடிவையும் மாற்றியிருப்பாய்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், கேட்டுக்கொண்டிரு. நீ என் தங்கை ஞானம்மாவின் புருஷன். அவளுக்கு உன்னைப் பார்த்தவனே நான்தான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம் என்பதால், மாப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய 'நீங்க' என் வாயில் வரவே இல்லை. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார். இங்கிலீஷ் எனக்குக் கடைப் பலகை படிக்கிற அளவுக்குத்தான். நீயோ பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு பங்குத் தரகர் ஆபீஸில் கிராணி, குமாஸ்தா வேலை. துரைமார் இங்கிலீஷ் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை மேஜையில் விட்டுப் போனது என்று சொல்லி அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாய். முன்னட்டை இல்லை, பெயர்ப் பக்கமும் இல்லை. எழுதியவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டு, டத்தோ கிராமாட்டில் உள்ள உன் வீட்டு முன்கூடத்தில் உட்காருவாய். கண் இங்கிலீஷில் ஓடும், வாய் தமிழில் சொல்லும். கேட்க நாங்கள் மூன்று பேர். நான், கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் சாமான் கடை வைத்திருக்கும் காசிம் பாய், அடுப்படி வாசற்படியில் ஞானம்மா.

அது லண்டனில் நடக்கிற மர்மக் கதை. ஹார்வி, ஒரு பேங்கின் முதலாளிகளில் ஒருவர். அவருடைய தங்கை புருஷன் மில்லர், அதே பேங்கில் பெரிய கிராணி. முதல் பக்கத்திலேயே பேங்கின் கணக்கர் ஒருவர் மூடுபனியில் ஆற்றில் பிணமாக மிதக்கிறார். பேங்கின் ரகசியங்களை உள்ளே இருக்கும் யாரோ வெளியே சொல்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டதால் கணக்கரைக் கொன்றுவிட்டார்கள். சொல்கிறவன் யார்? கேட்கிறவர்கள் யார் என்று மட்டும் கதை ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். கரடிகள்.

அந்தக் கரடி எங்களை ஒரு சாயங்காலம் முழுக்கப் பாடாய்ப் படுத்தியது. நீ 'பேர்' என்ற இங்கிலீஷ் சொல்லை அப்படியே 'கரடி' என்று தமிழாக்கிவிட்டாய். பேங்குக்குள் கரடி எப்படி வரும் என்று ஞானம்மா கேட்டாள். தரகர் ஆபீஸில் இருந்தும் நீ விளக்காமல், அது வாத்தியார் வேலை என்று என்னிடம் தள்ளிவிட்டாய். ரப்பர்ப் பங்கு விழுந்த நாளில் காதில் விழுந்ததை வைத்து, நான் காசிம் பாயையே உதாரணமாக எடுத்துக்கொண்டேன். பாயிடம் ஒரு டுரியான் மரம்கூடக் கிடையாது. ஆனாலும் அடுத்த வாரம் ஒரு வண்டி டுரியான் தருவதாக, இன்றைய விலைக்கு எனக்கு விற்றுவிடுகிறார். பிறகு பாசார் முழுக்கப் போய், இந்த வருஷம் பாலிக் புலாவ் பழத்தில் எல்லாம் புழு என்று காதோடு காதாகச் சொல்லிவைக்கிறார். விலை விழுகிறது. விழுந்த விலைக்கு வாங்கி, பேசிய விலைக்கு என் தலையில் கட்டுகிறார். அப்படிச் செய்கிறவன்தான் கரடி.

"பழம் இல்லாமலே பழம் விக்கிறவன்னா, அது கரடி விடுறதுதான வாத்தியாரே" என்றார் பாய். "இதுக்கு லண்டன் வரைக்கும் போகணுமா? நம்ம தெருவுலயே நாலு பேரு இருக்கான்." பொய்க்கதை அளக்கிறவனைக் கரடி விடுகிறான் என்று நாம் சொல்கிற வழக்கும் லண்டன் வழக்கும் இப்படி ஒன்றாய்ப் போய் முட்டிக்கொண்டதில் எல்லோரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய். உன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நல்ல கதை, மாப்ளே. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. பணக்காரர்கள் பணம் பண்ணுகிற கதை எனக்கு ஏன் பிடிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதை எழுதியவர் பணத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஒரு பேங்கு நிற்பது கட்டடத்தால் இல்லை, வாசலில் வரிசை நிற்காததால்தான் என்று ஓரிடத்தில் காட்டுகிறார். நாளைக்கும் இது இருக்கும் என்று எல்லோரும் நினைக்கிற வரைக்கும் இருக்கும். ஒருவன் மட்டும் வேறு மாதிரி நினைக்கத் தொடங்கி, அதை வெளியே காட்டாமல் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறான். அந்த ஒருவன் யார் என்பதுதான் கதை. 

இந்த இடத்தில்தான் நீ கேள்வி கேட்டதும், நான் பதில் சொன்னதும், நீ தண்ணீர் கேட்டதும்.

அதற்குப் பிறகு கதை மாறியது. நான் அப்போதே கவனித்தேன், ஆனால் கவனித்ததை வைத்து எதையும் யோசிக்கவில்லை. அதுவரைக்கும் லண்டனில் பவுன் புழங்கியது. அடுத்த வாரத்திலிருந்து நம்மூர் வெள்ளிக் காசு புழங்கத் தொடங்கியது. எப்போதும் தூறலாக இருந்த மழை, நம் ஊரைப் போல மத்தியானத்துக்கு மேல் திடுமென்று கொட்டி நின்றது. ஹார்வி துரை ஒருநாள் ரிக்ஷாவில் வந்து இறங்கினார். லண்டனில் ரிக்ஷா உண்டா என்று கேட்டேன். "எல்லா ஊர்லயும் வயித்துக்கு இழுக்கிறவன் இருக்கான் மச்சான்" என்று சொல்லிவிட்டாய். அதற்கு மேல் என்ன கேட்பது?

உன் கதையில் துரோகி, பேங்குச் சேர்மனின் மருமகன். எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத ஆள், நடுக் கதையில் கப்பலில் வந்து இறங்கினான். மில்லர் கிராணிதான் அவனைக் கண்டுபிடித்துப் பேங்கைக் காப்பாற்றினான். கடைசியில் ஒரு விருந்து. ஹார்வி எழுந்து நின்று, என் தங்கைக்கு இப்படி ஒரு புருஷன் கிடைத்ததற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன் என்று கிளாசைத் தூக்கினார். ஞானம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தன் மகளுக்கு அந்தக் கிராணி மாதிரி ஒரு மாப்பிள்ளை அமைந்தால் போதும் என்றார் காசிம் பாய். நான் கை தட்டினேன். மெய்யாகவே தட்டினேன், மாப்ளே.

பாய்க்கு ஒரே ஒரு குறைதான். கணக்கர் செத்த ராத்திரி, தான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று மில்லர் சொல்வான். ஆனால் அவன் வீட்டு மூலையில் அவனுடைய குடை சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நீ தண்ணீர் கேட்டதற்கு ரொம்ப முந்தியே இதைப் படித்துவிட்டாய். "எல்லாம் சரி கிராணி, அந்தக் கொடை என்னாச்சு?" என்று பாய் கேட்டார்.

"மழைலா பாய். லண்டன்ல எப்பவும் மழை" என்றாய்.

இப்போது நான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். நான் உன் வீட்டுப் பின்னறையில் இருக்கிறேன். எனக்கும் ஒரு காலத்தில் இதே டத்தோ கிராமாட்டில், இரண்டு சந்து தள்ளி, சின்ன வீடு ஒன்று இருந்தது. என் மனைவி இருந்து இறந்த வீடு. ரப்பர் ஏறிக்கொண்டிருந்த நாளில், நிபோங் திபாலுக்கு அப்பால் ஒரு தோட்டக் கம்பெனியின் பங்குகளை நீயும் வாங்கினாய், நானும் வாங்கினேன். பங்கு வாங்கினால் பங்குச் சாமியாரிடம் சொல்ல வேண்டாமா என்று ஞானம்மா கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. அவளுக்குத் தெரிந்த ஒரே பங்கு, நம் மாதாகோயிலைச் சேர்ந்த பங்குதான். தோட்டத்தைப் பார்க்க நாம் இருவரும் தீவிலிருந்து படகில் அக்கரை போய், ரயிலேறிப் போனோம். ஒரு மரத்தின் பட்டையைத் தடவிக்கொண்டே, இந்த மரம் பொய் சொல்லாது மச்சான் என்றாய். அது உண்மை. மரம் எதுவும் சொல்லவில்லை.

விலை இறங்கத் தொடங்கியபோது எனக்குப் பயம் வந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக உன் ஆபீசுக்கு வந்தேன். விற்றுவிடவா என்று கேட்டேன். நீ என் தோளில் கை போட்டு, மாடிப்படி வரைக்கும் கூட நடந்து வந்து சொன்னாய்.

"பொறுங்க, மச்சான். ஏறும்."

பொறுத்தேன். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளுக்குப் பொறுமை சொல்லிக்கொடுத்தவன் நான், எனக்கென்ன கஷ்டம். கம்பெனி மூடியது. வீட்டின் பேரில் வாங்கியிருந்த கடனுக்கு வீடு போனது. நீதான் ஆள் கூட்டி வந்து என் சாமான்களை வண்டியில் ஏற்றினாய். பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாய். நம் இருவருக்கும்தானே நஷ்டம், உன்னிடம் மட்டும் எப்படி வீடு மிஞ்சியது என்று நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. யோசிக்கத் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நல்லா இருந்தது, உங்களுக்குப் புண்ணியம் என்று உன்னையும் ஞானம்மாவையும் பார்த்துச் சொல்வேன். அதைச் சொல்லாமல் ஒரு வேளையும் நான் எழுந்ததில்லை. சொல்லும்போது நீ தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாய். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

நீ காய்ச்சலில் படுத்தாய், போய்விட்டாய். புத்தகம் உன் அலமாரியிலேயே கிடந்தது.

இந்த மழைக்காலத் தொடக்கத்தில் காசிம் பாயின் கடைப் பக்கம் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. பாய் தன் குடையை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "வாத்தியாரே, கிராணி போய்ச் சேர்ந்துட்டாரு. இனிமே அவர்கிட்ட கேக்க முடியாது. எல்லாம் பொருந்துது, அந்தக் கொடை மட்டும்தான் ஒட்டல. நம்ம பிலோமினாவ விட்டுப் பாக்கச் சொல்லுங்களேன்."

உன் மகள் கான்வென்ட்டிலேயே தங்கிப் படித்து முடித்து இப்போது அங்கேயே சின்ன வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாள். அவளுக்கு உன்னைப் போலவே சொல்லும் வாய். குடை எங்கே வருகிறது என்று மட்டும் தேடச் சொன்னேன். அவள் தேடினாள். குடை இரண்டாவது தடவையும் வந்தது, நீ தண்ணீர் கேட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில். கணக்கருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மில்லர் கரடிகளிடம் சொல்லப் போனதில் நனைந்த குடை அது.

எனக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அட, எழுதியவர் நம்மை ஏமாற்றவில்லையே என்றுதான் தோன்றியது. அவர் குடையைக் கண் முன்னாலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மில்லர் எப்போதும் அடுத்தவர் மேஜையை ஒழுங்கு பண்ணுவது, யாரையும் எதுவும் கேட்காமல் இருப்பது, எல்லாம் அங்கேயே இருந்திருக்கிறது. நான் அவற்றையெல்லாம் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டேன். இதுதான் இந்த மாதிரிக் கதையின் நேர்மை. பதிலை ஒளித்து வைக்காமல், நாம் பார்க்க விரும்பாத இடத்தில் வைத்துவிடுவது. பிலோமினாவை மேலே படிக்கச் சொன்னேன்.

பேங்கின் பங்கு விழப் போகிறது என்று மில்லருக்குத் தெரியும். தன்னுடையதை விற்றுவிட்டான். ஹார்வி அவனிடம் வந்து, விற்கட்டுமா என்று கேட்கிறார். மில்லர் அவருடைய தோளில் கை போட்டுக் கதவு வரைக்கும் நடக்கிறான்.

"'பொறுங்க. ஏறும்'னு சொல்றாரு, மாமா" என்றாள் பிலோமினா.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள், அவ்வளவுதான். உன் மகள் வாயிலிருந்து, உன் சொல்லில் வந்தது. நான் தண்ணீர் கேட்டேன். அவள் கொண்டுவந்து கொடுத்து, நான் குடிக்கிற வரைக்கும் நின்று, "அப்புறம் படிக்கவா, மாமா?" என்றாள். படி என்றேன்.

ஒரு கதையில் வருகிறது என்பதற்காக ஒருவன் மேல் பழி போடலாமா என்று இரண்டு நாள் என்னோடு நானே வாதாடினேன். கதை கதைதான், உலகத்தில் எத்தனையோ பேர் பொறு என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் கதை மட்டும்தான் என்றால் நீ ஏன் அதை மாற்ற வேண்டும்? வாரா வாரம் உட்கார்ந்து, இல்லாத மருமகனைக் கப்பலில் ஏற்றி, இல்லாத விருந்துக்கு இலை போட்டு, எத்தனை சிரமம். அந்தச் சிரமம்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தது.

மூன்றாம் நாள் ஞானம்மாவிடம் போய், அவன் தன் பங்கை விற்றுவிட்டானா என்று நேராகக் கேட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வித்துட்டாருண்ணே. ஆபீசுல தொரைங்களே விக்கிறாங்கன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு. நீங்களும் வித்தா, விஷயம் எப்படி வெளிய போச்சுன்னு கேப்பாங்க, வேலை போயிடும்னு பயந்துட்டாரு. படுக்கையில கிடக்கிறப்பதான் எனக்கே சொன்னாரு."

"ஒரு வருஷமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க இந்த வீட்டவிட்டுப் போயிடுவீங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே மேலே சொன்னாள். "நீங்க சாப்பிட்டு 'உங்களுக்குப் புண்ணியம்'னு சொல்றப்ப எல்லாம் அவருக்குச் சோறு எறங்கலையாம்ணே. கேட்டுக்கிட்டே செத்துட்டேன்னாரு."

மாப்ளே, வீடு போனது எனக்கு எப்போதோ ஆறிவிட்டது. ரப்பர் விழுந்ததில் வீடு போனவர்கள் இந்தத் தீவில் எத்தனையோ பேர். வேலை போய்விடும் என்று நீ பயந்ததும் எனக்குப் புரிகிறது. கைக்குழந்தையோடு நின்றவன் நீ. வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். 'ஏறும்' என்றாயே, அது எதற்கு? தோளில் கை எதற்கு?

அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. என்னிடம் இருந்து நீ எடுத்துக்கொண்டது அந்த நன்றியை. நான் மனசாரச் சொன்னது அது. உனக்கு உரியதில்லை என்று தெரிந்துகொண்டே வருஷக்கணக்காக அதை வாங்கி வைத்துக்கொண்டாய். கையில் இல்லாத பழத்தை விற்கிறவன் கரடி என்று நான்தான் உனக்கு விளக்கம் சொன்னேன். உன்னிடம் இல்லாத நல்ல மனசை எனக்கு விற்றாயே, அதற்கு என்ன பெயர்?

புத்தகத்தின் மெய்யான முடிவில் விருந்து கிடையாது. ஹார்விக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. ஊரைவிட்டுப் போகிற நாளில் ரயில் ஸ்டேஷனில் மில்லர் அவரை வழியனுப்ப வருகிறான். ஏன் செய்தாய் என்று ஹார்வி கேட்கிறார். மில்லர் தன் காலில் இருக்கும் ஜோடுகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ரயில் போய்விடுகிறது. அதோடு கதை முடிந்தது. பதில் இல்லாமல் முடிக்கிறாரே என்று பிலோமினாவுக்கு வருத்தம். எனக்கு அந்த முடிவு பிடித்திருந்தது. ஹார்விக்குக் கேட்கவாவது ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. எனக்கு?

நான் கை தட்டிய அந்த விருந்தை நீ எதற்காகச் செய்தாய் என்று படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். உன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா? அப்படியானால் அந்தப் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்திருக்க வேண்டாமே. வழியிலேயே கடலில் போட்டிருக்கலாம். ஆபீசில் முழுக்கப் படித்து முடித்துவிட்டுத்தான் கொண்டுவந்தாயா? எனக்குக் கதையாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துத் தொடங்கி, நான் 'நம்ம வீட்டு ஆளு' என்றதும் வாய் அடைத்துப் போனாயா? அப்படித்தான் இருக்கும் என்று சில நாள் தோன்றும். நான் உனக்காக இன்னொரு கரடி விட்டுக்கொள்கிறேனோ என்று சில நாள் தோன்றும்.

என் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டேன். நிபோங் திபாலில் என்னிடம் படித்தவன் ஒருவன் இருக்கிறான், வந்து இருங்கள் என்று பல தடவை கூப்பிட்டிருக்கிறான். பெட்டியைக் கட்டிய அன்று ஞானம்மா அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். பிலோமினாவுக்கும் அவளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அந்தப் பெண் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு வேற மாதிரி படிச்சிருப்பேன், மாமா" என்றாள்.

"உங்கப்பா அதத்தாம்மா செஞ்சான்" என்றேன்.

அவள் அழுதாள். நான் அழவில்லை. ஆனால் அவள் எழுந்து போன பிறகு பெட்டியைத் திறந்து, அந்தப் புத்தகத்தை மட்டும் வெளியே எடுத்தேன். குடை வருகிற இடத்திலிருந்து அந்த அத்தியாயம் முடிகிற வரைக்கும், எழுத்துக் கூட்டி நானே படிக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். பிலோமினா சொல் சொல்லாகத் திருத்துகிறாள். என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டால் நீ சிரிப்பாய்.

காசிம் பாயிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறார், அந்தக் கிராணி மாதிரி வேண்டும் என்று கல்யாணத் தரகரிடமே சொல்லி வைத்திருக்கிறாராம். இந்தக் கடிதத்தை யாராவது படித்துக்காட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். பாய், உங்கள் குடை ஒட்டிவிட்டது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

கல்லறைத் திருநாள் வருகிறது. போன வருஷம் உனக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, வழக்கம்போல உனக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். இந்த வருஷமும் வருவேன். ஞானம்மாவும் பிலோமினாவும் பூ வைத்து, செபம் முடித்துப் போன பிறகு நான் மட்டும் இருப்பேன். நீ தாண்டிப் போன அத்தியாயத்தை உன் தலைமாட்டில் நின்று படிப்பேன், இங்கிலீஷிலும் தமிழிலும், ஒரு வரி விடாமல். 'பொறுங்க, ஏறும்' வருகிற இடத்தில் நிறுத்தி, ஏன் என்று கேட்பேன். நீ உன் ஜோடுகளைப் பார்த்துக்கொண்டே இரு. ரயில் பிடிக்க எனக்கு அவசரம் இல்லை.

பெட்டியை அவிழ்த்துவிட்டேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் வைத்துக்கொள்ளாதே. இந்த வீடு நிற்பதில் என் வீடும் கலந்திருக்கிறது, அதனால் இருக்கிறேன். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் இந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு நான் யாருக்கும் நன்றி சொல்ல மாட்டேன். நேற்று ராத்திரியே தொடங்கிவிட்டேன். ரசத்தில் உப்பு குறைச்சல் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஞானம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "நாளைக்குச் சரியாப் போடுறேண்ணே" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு, பழைய வாத்தியார் கொடுக்கிற ஒரே வீட்டுப் பாடம். உங்களிடம் எதையோ சொல்லிக்கொண்டு வந்த ஒருவர் பாதியில் நிறுத்தித் தண்ணீர் கேட்டால், தண்ணீரைக் கொடுங்கள். குடித்து முடித்ததும், "அப்புறம்?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

நீ என்ன செய்திருந்தாலும் மாறாத முறையில்,
உன் மச்சான்.